பத்து நாள் கழித்து வரும் பயம்

(ஒரத்தநாட்டில் நடைபெற்ற நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



போன மாதம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் எலியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் நாம் பேச வந்தது எலிக்காக அல்ல. பெரிய அதிர்ச்சி ஒன்றைக் கடந்து வந்த மனிதர்களுக்கு மாதங்கள் கழித்தும் ஏன் பயம் தணிவதில்லை, அந்தப் பயம் மூளைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக. அதை இன்று ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது என்றால், எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள்தான் காரணம். அவற்றில் முக்கியமான சில, நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் நடந்தவை.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே வந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மின்கம்பங்கள் விழுந்து வாரக்கணக்கில் இருட்டு. இருபது முப்பது வருடம் பிள்ளை போல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் போயின. தென்னையை இழந்த விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளையும் அந்த நாட்களில் படித்தோம்.

அப்போது நாங்களும் மற்ற அமைப்புகளைப் போல அரிசி, பாய், தார்ப்பாய், மெழுகுவர்த்தி என்று கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் வாரம் போன வீடுகளில் ஜனங்கள் அழுதார்கள், கோபப்பட்டார்கள், கூடி நின்று மரம் அறுத்தார்கள், ஒரே அடுப்பில் நாலு வீட்டுக்குச் சமைத்தார்கள். கணக்கெடுப்புக்காக மறுபடியும் மாதம் கடந்து போனபோது கண்ட காட்சி வேறு. கூரை போட்டாகிவிட்டது, விளக்கு எரிகிறது. ஆனால் ஒரு வீட்டில், காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், வீட்டுக்காரம்மா பிள்ளைகளை எழுப்பி வாசலில் கொண்டுவந்து உட்கார்த்தி வைக்கிறார். கணவர் சவூதியில். போனில் அவர் சொல்கிறார்: “எல்லாம்தான் சரியாயிருச்சே, இப்ப என்ன புதுசா பயம்?” இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவர் தோப்புப் பக்கமே போவதில்லை. மகன்கள் அதைச் சோம்பல் என்றார்கள்.

“இப்ப என்ன புதுசா” என்ற அந்தக் கேள்விக்குத்தான் எலி பதில் சொல்கிறது.

எலிக்குப் பயம் உண்டு என்பதை டெல்டா விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டாம். வயலில் மூங்கில் கிட்டி வைப்பவர்களுக்குத் தெரியும், ஒரு தடவை தப்பித்த எலி மறுபடி அந்தப் பக்கம் சுலபத்தில் வராது. ஆய்வுக்கூடத்தில் அந்தப் பயத்தை அளக்க ஒரு சாதனம் வைத்திருக்கிறார்கள். கூட்டல் குறி வடிவத்தில் நாலு கைகள் உள்ள பலகை, தரையிலிருந்து உயரத்தில் நிற்கும். இரண்டு கைகளுக்குப் பக்கச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. சாதாரண எலி கொஞ்ச நேரம் சுவருக்குள் பதுங்கும், கொஞ்ச நேரம் திறந்த பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். பதற்றத்தில் இருக்கும் எலி சுவரை விட்டு வெளியே வருவதே அபூர்வம். எத்தனை நிமிடம் எங்கே இருந்தது என்று எண்ணினால் பதற்றத்தின் அளவு கிடைத்துவிடும்.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சாட்டர்ஜி என்ற விஞ்ஞானியின் குழு 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எலியை ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம், அசைய முடியாதபடி கட்டுப்படுத்தி வைத்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். மறுநாள் சோதித்தால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, மூளையிலும் இல்லை, நடத்தையிலும் இல்லை. பத்தாவது நாள் சோதித்தபோது எலி சுவருக்குள் பதுங்கியது. இடையில் அதற்கு எந்தப் புதுத் தொந்தரவும் கொடுக்கவில்லை. தீனி, தண்ணீர், கூண்டு எல்லாம் வழக்கம் போல. ஆக, முதல் நாள் விழுந்த அடி உள்ளே பத்து நாள் வேலை செய்திருக்கிறது.

எங்கே வேலை செய்தது? மூளையின் அடிப்பக்கம் வாதுமைப் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்ற ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டு மணி அடிப்பது அதன் வேலை. அங்குள்ள நரம்பணுக்களை மரம் என்று நினைத்துக்கொண்டால், அவற்றின் கிளைகளில் சின்னச் சின்ன மொட்டுகள் உண்டு. ஒவ்வொரு மொட்டும் பக்கத்து அணுவிடமிருந்து சேதி வாங்கும் இடம். பத்தாம் நாள் எலியின் அமிக்டலாவில் அந்த மொட்டுகள் கூடியிருந்தன. மணியைத் தட்டும் கைகள் அதிகமாகிவிட்டன என்று சொல்லலாம்.

அதற்கு முன்பே, 2002இல், அதே குழு இன்னொன்றைக் கண்டது. தினம் இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள் தொல்லை தந்தால், அமிக்டலாவில் கிளைகள் வளர்கின்றன. ஆனால் அதே மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கிளைகள் சுருங்குகின்றன. கடல்குதிரை போல வளைந்து இருப்பதால் அந்தப் பெயர். இது எங்கே, எப்போது, யார் இருந்தார்கள் என்று நினைவைப் பதிந்து வைக்கும் பகுதி. பயம் வளர்கிறது, “அது அன்றைக்கு நடந்தது, இன்றைக்கு இல்லை” என்று சொல்ல வேண்டிய பகுதி தேய்கிறது. பிறகு 21 நாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அமிக்டலா திரும்பவில்லை, பதற்றமும் போகவில்லை. எங்களைக் கேட்டால் இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதைத்தான் சுவரில் எழுதி வைக்க வேண்டும். “கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியாயிரும்” என்ற நம் வழக்கமான ஆறுதல் மூளையின் ஒரு பகுதிக்கு உண்மை, இன்னொரு பகுதிக்கு உண்மை இல்லை.

இனி புரதத்துக்கு வருவோம். ‘மூளைப் புரதம்’ என்றதும் முட்டையா பருப்பா என்று ஒரு சகோதரி கேட்டார். சாப்பாட்டில் வரும் புரதம் இல்லை இது. நரம்பணுக்கள் தாங்களே சுரக்கும் ஒரு பொருள், பி.டி.என்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1982இல் ஜெர்மனியில் பார்டே, தோனென் என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பணு சாகாமல் இருக்க, கிளை விட, மொட்டு வைக்க இது உதவுகிறது. சுருக்கமாக, உரம். இந்தப் பெயர் வெளியே பரவியதும், “மூளைக்கு உரம்” என்று மாத்திரையும் டானிக்கும் விற்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதிகம் இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற எண்ணமும் பரவிவிட்டது.

2012இல் பெங்களூர்க் குழுவைச் சேர்ந்த லட்சுமிநரசிம்மனும் சாட்டர்ஜியும் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்தியது. தொல்லைக்கு ஆளான எலியின் ஹிப்போகாம்பஸில் இந்தப் புரதம் குறைந்திருந்தது. அமிக்டலாவிலோ கூடியிருந்தது. தொல்லை நின்று 21 நாள் ஆன பிறகும் அமிக்டலாவில் அது இறங்கவில்லை. ஹிப்போகாம்பஸில் மட்டும் பழைய அளவுக்கு வந்தது. ஒரே ஒரு தடவை தொல்லைக்கு ஆளான எலிகளில்கூட, பத்தாம் நாள் வரை அமிக்டலாவில் இது கூடியே இருந்தது.

நம் வயலில் நடப்பதுதான் இது. யூரியா நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? எந்த வயலுக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்று திருப்பிக் கேட்போம். யூரியா அதிகம் விழுந்த பாத்தி பச்சைப்பசேல் என்று தெரியும், பூச்சியும் அங்கேதான் முதலில் இறங்கும். பயத்தின் பாத்தியில் உரம் கூடி, நினைவின் பாத்தியில் உரம் குறைந்துபோனால் விளைவு என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதே புரதத்தை மூளையின் முன்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செலுத்தியபோது எலிகளின் பயம் குறைந்தது என்று 2010இல் போர்ட்டோ ரிகோவில் கிரகரி குவிர்க் குழு காட்டியது. முன்பகுதி என்பது மணியை நிறுத்தும் இடம். உரம் ஒன்றே, விழுந்த இடம் வேறு. ஆகவே, வாயில் போட்டுக்கொண்டால் மூளை முழுக்க ஒரே மாதிரி பரவும் “மூளை டானிக்” எதற்கும் காசு கொடுக்காதீர்கள். ரத்தத்தில் இந்தப் புரதத்தை அளந்து “உங்களுக்குப் பய நோய் இருக்கிறது” என்று சொல்லும் சோதனையும் மருத்துவ நடைமுறையில் கிடையாது. யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லா எலியும் ஒன்றுபோல் பாதிக்கப்படுகிறதா என்றால், இல்லை. ஹகித் கோஹன் என்ற ஆய்வாளர் எலிகளைப் பூனையின் வாசம் உள்ள மணலில் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தார். பூனை இல்லை, வாசம் மட்டும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கிட்டத்தட்ட நாலில் ஒன்று கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது. மற்றவை தேறிவிட்டன, அல்லது லேசான பாதிப்போடு நின்றன. ஒரே வாசம், ஒரே பத்து நிமிடம்தான். நம் வீடுகளிலும் ஒரே புயலைப் பார்த்த அண்ணன் தம்பியில் ஒருவன் தூங்குகிறான், ஒருவன் தூங்குவதில்லை. தூங்குகிறவனைக் காட்டி மற்றவனை ஏசுவது நம் பழக்கம். பிறவியிலேயே இதில் வேற்றுமை உண்டு. பி.டி.என்.எஃப். புரதத்துக்கான மரபணுவில் மனிதர்களில் காணப்படும் ஒரு சிறு மாறுதலை எலிகளில் உண்டாக்கி 2006இல் அமெரிக்காவில் பார்த்தார்கள். அந்த எலிகளுக்குப் பதற்றம் அதிகம். ஃபுளூவாக்ஸெடின் மருந்து கொடுத்தும் அந்தப் பதற்றம் தணியவில்லை. பயந்தவனிடம் ஈமான் குறைவு, தைரியம் குறைவு என்று தீர்ப்புச் சொல்லும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எலி மனிதன் அல்ல. எலியின் பத்து நாள் மனிதனுக்குப் பத்து நாள் என்று கணக்குப் போடக் கூடாது. எலிக்குக் கடன் இல்லை, மகள் கல்யாணம் இல்லை, அடமானம் வைத்த நகை இல்லை. நாம் சொன்ன பெங்களூர் ஆய்வுகள் ஆண் எலிகளில் நடந்தவை. ஆனால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பது மனித ஆய்வுகளில் தெரிந்த விஷயம். எனவே எலி காட்டுவது வழியைத்தான், ஊரை அல்ல.

மனிதர்களிடம் பார்த்ததையும் சொல்கிறோம். நமது பக்கத்திலேயே 2004 என்ற ஒரே ஆண்டில் இரண்டு பெரும் துயரங்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள். டிசம்பர் 26 அன்று சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நிபுணர்கள் அப்போது வந்து, உள்ளூர்த் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கேட்பது எப்படி, பிள்ளைகளை விளையாட வைப்பது எப்படி, யாரை டாக்டரிடம் அனுப்புவது என்று. இலங்கையில் நீண்ட போருக்கு இடையே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரும் இந்தத் துறையில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கே இதற்கு ‘மனவடு’ என்ற சொல் வழங்குகிறது. நமக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. காயம் ஆறிய பிறகும் வடு இருக்கும், தொட்டால் தெரியும்.

இப்போது நம் சமுதாயத்துக்குள் வருவோம், சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். இரவில் அலறி எழுகிற பெண்ணை, திடீரென்று விறைத்துப் போகிற பையனை, “ஜின் கோளாறு” என்று ஊர் ஊராக அழைத்துப் போகிறோம். ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. துஆவும் பெரியவர்களின் ஆறுதல் வார்த்தையும் தவித்த மனதுக்குத் துணை. டாக்டரிடம் போவதை அது தடுத்தால் மட்டும்தான் எங்களுக்கு ஆட்சேபம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் இன்று நாம் பேசும் நோய்தான் என்று சொல்லவில்லை, பலவித நோயாளிகள் இருந்தார்கள். ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் பிள்ளைகள் மேல் பாசம் உள்ள குடும்பத்தார்தான். இன்று மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. தர்கா வளாகத்திலேயே மருத்துவரும் அமர்ந்து மருந்தும் துஆவும் சேர்ந்து நடக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் பகை இல்லை என்று அங்கே போய்ப் பார்த்தால் தெரியும்.

வைத்தியம் என்ன? அதிர்ச்சி நினைவுகளை மையமாக வைத்துப் பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் பேச்சு சிகிச்சைகள் முதலிடம். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உண்டு, டாக்டர் எழுதித் தர வேண்டும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு வைத்தியம் அல்ல, பழக்கமாகிவிடும். ஸ்டீராய்டு வகை ஹார்மோனை அதிர்ச்சிக்கு ஆளான எலிக்குக் கொடுத்ததும் பத்தாம் நாள் பாதிப்பு வரவில்லை என்று பெங்களூரிலேயே கண்டிருக்கிறார்கள். நல்ல சேதிதான், ஆனால் ஆய்வுக்கூடத்துச் சேதி. நம் ஊரில் முட்டி வலிக்குக்கூட ஸ்டீராய்டு ஊசி கேட்டு வாங்குகிற பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

நமக்கு வேலை தருகிற ஆய்வு இன்னொன்று. 2005 ஆய்வின் முதல் ஆசிரியரான ரூப்ஷி மித்ரா பின்னர் சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு 2016இல் வெளியிட்டது. அதிர்ச்சிக்கு ஆளான எலிகளைப் பெரிய கூண்டில், துணை எலிகளோடு, ஏறி இறங்க, உருட்டி விளையாடப் பொருள்களோடு விட்டார்கள். பதற்றம் தணிந்தது, அமிக்டலாவில் ஏற்பட்ட மாற்றமும் தணிந்தது. மருந்து எதுவும் இல்லை. இடம், துணை, செய்வதற்கு ஏதாவது வேலை, இவ்வளவுதான். புயலுக்குப் பிறகு முதல் வாரம் நாலு வீட்டுக்கு ஒரே அடுப்பு எரிந்ததே, அது வெறும் அரிசிச் சிக்கனம் மட்டும் அல்ல.

பாதிக்கப்பட்டவரிடம் “என்ன நடந்தது, திரும்பச் சொல்லு” என்று நோண்டுவதை நிறுத்த வேண்டும். உடனடியாக உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பலன் தருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்துகிறது. அவராகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள், தண்ணீர் கொடுங்கள், தூங்க விடுங்கள். முதல் சில வாரங்களில் கெட்ட கனவும் திடுக்கிடலும் பெரும்பாலோருக்கு வரும், தானே போய்விடும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால், அல்லது வேலைக்கும் பள்ளிக்கும் போக முடியாமல் இருந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போக வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் 14416 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அறக்கட்டளை நிர்வாகத்துக்கு எங்கள் குழுவின் கோரிக்கை. நமது பேரிடர் உதவித் தொகை முழுவதும் முதல் பத்து நாளிலேயே செலவாகிவிடுகிறது. லாரி வரும், பொருள் இறங்கும், படம் எடுப்போம், திரும்பிவிடுவோம். எலியின் மூளை வேலையை ஆரம்பிக்கிற நேரத்தில் நாம் வேலையை முடித்துவிடுகிறோம். அடுத்த முறை அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைப் பிரித்து வைத்து, ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போக இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் கொண்ட குழுவை அமைக்க வேண்டும். தஞ்சாவூர் போய்வரப் பஸ் காசு, கூட ஒரு ஆள், மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்ல ஒருவர். இவ்வளவே கேட்கிறோம். நவம்பருக்கு முன் பெயர்ப் பட்டியல் தயாராக வேண்டும். பெண்கள் பகுதியில் இரண்டு பெயர் ஏற்கெனவே வந்திருக்கிறது. ஆண்கள் பகுதியில் இன்னும் ஒருவர்கூட எழுதவில்லை. நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது.